வேலூரில் ஒரு வார இறுதி நடிப்புப் பயிற்சி வகுப்பு: கல்லூரியா, நடிப்பா என்று தடுமாறும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு

காட்பாடி காந்தி நகர்ப் பக்கம், ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில், சனிக்கிழமை பிற்பகலிலும் ஞாயிறு முழுவதும் நடக்கும் நடிப்புப் பயிற்சி வகுப்பைப் பற்றிய மதிப்புரை இது. என் அக்காள் மகள் அங்கே ஓராண்டுக்கும் மேலாகப் பயின்று வருகிறாள். ஊர் குடியாத்தம், சத்துவாச்சாரியில் என் வீட்டில் தங்கி, வேலூரில் ஒரு மகளிர் கல்லூரியில் பி.காம். படிக்கிறாள். அவளைச் சேர்த்துவிட்டதும், மாதாமாதம் கட்டணம் கட்டுவதும், வகுப்பு முடியும்வரை பல நாள் உள்ளேயே ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்ததும் நான்தான் என்பதால், அந்த இடத்தின் நிறைகுறைகளை நெருங்கிப் பார்க்க முடிந்தது. பெயரை எழுதாமல் விடுகிறேன். எங்கள் மனத்தாங்கலில் ஒரு பகுதி அங்கே அலுவலகத்தில் இருப்பவரைப் பற்றியது என்பது ஒரு காரணம். இத்தகைய வகுப்பு எந்த ஊரில் நடந்தாலும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே என்பது மற்றொரு காரணம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வார இறுதி வகுப்பு நல்ல வகுப்பு. பிள்ளைகளை நம்பிச் சேர்க்கலாம். அதே நிலையம் நடத்தும் ஓராண்டு முழுநேரப் படிப்பில், பட்டப்படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சேர்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டையும் ஒரே இடம் நடத்துகிறது, பயிற்சியாளர்களும் பெரும்பாலும் அவர்களே என்றாலும், மாணவர்களுக்கு அவை கொடுப்பதும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வதும் முற்றிலும் வேறு.

வார இறுதி வகுப்புக்கு மாதக் கட்டணம் 2,500 ரூபாய். ஒரு பிரிவில் இருபது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. கல்லூரி மாணவர்கள்தான் அதிகம். ஆற்காட்டிலிருந்து வரும் ஒரு மருந்துக் கடை ஊழியரும், ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் இளைஞரும் எங்கள் பிரிவில் இருந்தார்கள். கூடத்தில் குளிர்சாதன வசதி இல்லை. மேலே தகரக் கூரை; கத்திரி வெயில் நாள்களில் வேலூர் எப்படி இருக்கும் என்பது தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. பெண்கள் உடை மாற்றிக்கொள்ளத் தனி அறை உண்டு, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, மாலை ஆறு மணிக்கு மேல் பெண் பிள்ளைகளை நிறுத்தி வைப்பதில்லை. கட்டணத்துக்கு முறையான ரசீது தருகிறார்கள். இவ்வளவும் சரியாக இருந்ததால்தான் சேர்க்கத் துணிந்தேன்.

வகுப்பின் உயிர் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் கூத்து வாத்தியார். செய்யாறு பக்கத்திலிருந்து வருகிறார். பல ஆண்டுகள் தெருக்கூத்தில் வேடம் கட்டியவர். சினிமாவில் நடிக்க ஆசைப்பட்டு வரும் பிள்ளைகளுக்குக் கூத்துக்காரர் எதற்கு என்று முதலில் எனக்கும் தோன்றியது. அவர் பாடம் நடத்துவதைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

ஒரு பயிற்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ‘பஸ் போயிடுச்சு’ என்ற ஒரே வரியை எல்லோரும் சொல்ல வேண்டும். என் அக்காள் மகள் முறை வந்தபோது, தொலைக்காட்சித் தொடர்களில் வரும் நாயகிகளைப் போலப் புருவத்தை உயர்த்தி, மூச்சை இழுத்து, கண்ணில் நீர் வருவது போல அந்த வரியைச் சொன்னாள். மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். வாத்தியார் கைதட்டவில்லை. “யாருகிட்டம்மா சொல்றே? அவங்க எங்க நிக்கிறாங்க?” என்று மட்டும் கேட்டார். அவளிடம் பதில் இல்லை. உடனே இன்னொரு பெண்ணைக் கூடத்தின் மறுகோடியில் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார். மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார். “அந்தப் பொண்ணு காதுல விழணும், ஆனா கத்தக் கூடாது. பஸ் போயிடுச்சுன்னு அவளுக்குத் தெரியணும், அவ்வளவுதான்” என்றார். வியர்வை வழிய வழிய அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றைக் குறைத்தார்: புருவம் போயிற்று, மூச்சு இழுப்பு போயிற்று, கையசைப்பு போயிற்று. கடைசியில் அவள் வெறும் செய்தியாக அதைச் சொன்னபோது, சுவரைப் பார்த்து நின்ற பெண் தன்னையறியாமல் திரும்பி, “அடுத்தது எப்போ?” என்று கேட்டுவிட்டாள். அப்படிக் கேட்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கூடமே சிரித்தது, வாத்தியார் முகத்திலும் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். நடிப்பு என்பது கற்றுக்கொடுக்கக்கூடிய, கற்றுக்கொள்ள நாளாகும் ஒரு தொழில் என்று எனக்கு விளங்கியதும் அன்றுதான்.

மற்றொரு ஞாயிறு, கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கொண்டுவந்து இரண்டு மூன்று பேருக்குக் கட்டிவிட்டார். மரத்தில் செய்து கண்ணாடித் துண்டுகள் பதித்த அணிகலன்கள் அவை. கட்டிக்கொண்டவர்களால் முதலில் கழுத்தைத் திருப்பவே முடியவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை இவற்றைச் சுமந்துகொண்டு, பாடி, ஆடி, கிறுகிச் சுழன்று, வசனமும் பேசுகிற உடம்பு எப்படிப்பட்ட உடம்பாக இருக்க வேண்டும் என்பதை எந்தச் சொற்பொழிவும் அவ்வளவு விரைவில் அவர்களுக்கு உணர்த்தியிருக்காது.

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள் இந்த இடத்தில் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 1989-இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை செய்யாறும் நம்மோடுதான் இருந்தது. செய்யாறு வட்டத்திலுள்ள புரிசை கிராமத்தின் தம்பிரான் குடும்பத்தினர் ஆடிய கூத்தைப் பார்த்து வியந்தவர் நாடகாசிரியர் நா. முத்துசாமி. அவர் 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் நடிகர்களுக்குக் கூத்துப் பயிற்சி அளித்திருக்கிறார். இன்று தமிழ்த் திரையில் மதிக்கப்படும் நடிகர்கள் பலர் அந்தப் பட்டறையில் பயின்றவர்கள். நடிப்பைக் கற்க வேண்டுமென்றால் காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போயே ஆக வேண்டும் என்று நம் பிள்ளைகள் நம்புகிறார்கள். சென்னையின் நடிப்புப் பயிற்சிக்கே உரமாகப் போனது நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதக் கூத்து என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இந்த வகுப்பு சொல்கிறது. அதற்காகவே நான் அதை மதிக்கிறேன்.

சனிக்கிழமை நடக்கும் கேமரா வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உதவி இயக்குநராக இருந்த ஒருவர் நடத்துகிறார். ஆடிஷனுக்கு அனுப்பும் செல்ஃப் டேப்பை, அதாவது நாமே நடித்துப் பதிவுசெய்யும் வீடியோவை, எப்படி எடுப்பது, வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், குளோசப்பில் கண் எங்கே பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் செல்போனை வைத்தே கற்றுத் தருகிறார். பயனுள்ளதுதான், ஆனால் பாதி நேரம் அவருடைய படப்பிடிப்பு அனுபவக் கதைகளில் போய்விடுகிறது. டப்பிங் பற்றிச் சொல்லித் தருவதாக விளம்பரத்தில் இருக்கிறது, இதுவரை நடக்கவில்லை.

இனி மனத்தாங்கலுக்கு வருகிறேன்.

சேர்ந்த சில மாதங்களில், பி.காம். இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தபோது, அலுவலகத்திலிருந்து என்னை அழைத்தார்கள். பெண்ணிடம் நல்ல திறமை இருக்கிறது, முழுநேரப் படிப்பில் சேர்த்துவிடுங்கள் என்றார்கள். ஓராண்டு, திங்கள் முதல் வெள்ளி வரை காலை முதல் மாலை வரை, கட்டணம் 90,000 ரூபாய், போட்டோ ஆல்பத்துக்குத் தனியே 15,000. அவள் கல்லூரிக்குப் போகிறாளே என்றேன். “டிகிரியை எப்ப வேணும்னாலும் முடிச்சுக்கலாம் மேடம், இந்த வயசு திரும்பி வராது” என்று பதில் வந்தது. என்னிடம் சொல்வதற்கு முன்பே இதைப் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் சொல்லியிருந்தார்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. நான் வீட்டுக்கு வந்தபோது அவள் ஏற்கெனவே முடிவெடுத்தவளாக உட்கார்ந்திருந்தாள். “சித்தி, அம்மாகிட்ட நீங்க பேசுங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றாள்.

அக்காள் அழுதாள். மாமா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பயம். அந்த வீட்டில் பட்டப்படிப்புக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் இந்தப் பெண். அவர்களுடைய அச்சத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. அதே சமயம், கூடத்தின் மறுகோடியில் இருந்த பெண்ணைத் திரும்பிப் பார்க்க வைத்த அந்தக் குரலையும் நான் கேட்டிருந்தேன். ஆகையால் வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல், பாதியில் நிறுத்தினால் என்னென்ன நடக்கும் என்பதைக் கல்லூரி அலுவலகத்திலும் விசாரித்து ஒவ்வொன்றாக அவளோடு உட்கார்ந்து பேசினேன். இந்த மதிப்புரையைப் படிக்கும் பெற்றோருக்கு அதிகம் பயன்படக்கூடியது இந்தப் பகுதிதான் என்று எண்ணுகிறேன்.

‘எப்ப வேணும்னாலும் முடிச்சுக்கலாம்’ என்பது நடைமுறையில் அவ்வளவு எளிதில்லை. ரெகுலர் படிப்பில் தேர்வு எழுத, பொதுவாக ஒவ்வொரு செமஸ்டரிலும் 75 விழுக்காடு வருகை வேண்டும். சற்றுக் குறைந்தால் அபராதம் கட்டி எழுதலாம். மிகவும் குறைந்தால் ஹால் டிக்கெட் வராது, அந்த செமஸ்டரையே ஜூனியர்களோடு உட்கார்ந்து மீண்டும் படிக்க வேண்டும். அரியர் என்பது எழுதித் தோற்ற பாடம், அதை வெளியிலிருந்தே எழுதிவிடலாம். வருகை இல்லாத செமஸ்டர் அரியர் ஆகாது. பிள்ளைகள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். இடையில் நின்றவர் திரும்பி வந்தால் மறுசேர்க்கைக்கு விண்ணப்பித்து, பல்கலைக்கழக அனுமதி பெற வேண்டும். அதற்குள் பாடத்திட்டம் மாறியிருந்தால் மாறிய பாடங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும். கோபத்தில் டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் நிலைமை இன்னும் சிக்கல்.

பணத்தையும் பார்க்க வேண்டும். அவள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை குடியாத்தத்தில் அரசுப் பள்ளியில் படித்தவள். ஆகவே 2022-இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை கிடைக்கிறது. படிப்பில் தொடர்ந்து இருப்பவர்களுக்கான உதவி இது. நின்றுவிட்டால் இதுவும் நின்றுவிடும். வார இறுதி வகுப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியை அந்தப் பணத்திலிருந்துதான் அவள் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதாவது கல்லூரிதான் அவளுடைய நடிப்புப் படிப்புக்கும் பணம் கட்டிக்கொண்டிருந்தது. இதை நான் எடுத்துச் சொன்னபோது அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

அவளை உண்மையில் யோசிக்க வைத்தது வேறொன்று. நடிப்பில் மேற்படிப்பு படிக்க வேண்டும் என்பது அவள் கனவு. தில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியின் பெயரைக் கூத்து வாத்தியாரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். அந்தப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பில் சேரப் பட்டம் வேண்டும், அதோடு மேடை நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் வேண்டும். புனேயில் 1960-இல் தொடங்கப்பட்ட திரைப்படக் கல்லூரியின் முதன்மையான படிப்புகளுக்கும் அடிப்படைத் தகுதி ஏதேனும் ஒரு பட்டம். கொல்கத்தாவிலுள்ள சத்யஜித் ராய் திரைப்படக் கல்லூரியிலும் அப்படித்தான். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலைக்கு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. முதுநிலை என்றாலே முன்னால் இளநிலை முடித்திருக்க வேண்டும். பி.காம். படித்தவரும் இவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். பி.காம். படிப்பைப் பாதியில் விட்டவருக்கு இந்தக் கதவுகள் ஒன்றுகூடத் திறக்காது. அந்த முழுநேரப் படிப்பின் முடிவில் கிடைக்கும் சான்றிதழ், நிலையமே அச்சடித்துக் கொடுக்கும் தாள். எந்தப் பல்கலைக்கழகமும் அதை ஏற்காது. இதை அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டபோது அவர்களும் மறுக்கவில்லை. ஆனால் கேட்கும்வரை சொல்லவில்லை.

இங்கே நான் ஒரு பக்கமாகப் பேசுவதாகத் தோன்றக் கூடாது. கல்லூரியை விட்டு விலகுவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. விருப்பமில்லாத பாடத்தில், வீட்டார் சேர்த்துவிட்டார்கள் என்பதற்காக மூன்றாண்டுகளைக் கழிப்பதும் ஒருவகை வீண்தான். ஆனால் அதற்கு விடை, படிப்பே இல்லாத இடத்துக்குப் போவதாக இருக்க வேண்டியதில்லை. சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு போன்றவற்றில் நான்காண்டுப் பட்டப்படிப்புகள் இருக்கின்றன, அரசுக் கட்டணம். கேமராவுக்குப் பின்னால் வேலை செய்ய ஆசைப்படும் பிள்ளை பி.காம். முதலாண்டிலேயே அங்கே மாறிப்போனால் நானே மகிழ்ந்து அனுப்பி வைப்பேன். உண்மையாகவே வேலை கிடைத்து, ஒப்பந்தம் கையெழுத்தாகி, தினமும் படப்பிடிப்புக்குப் போக வேண்டிய நிலை வந்துவிட்டால், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் தொலைநிலைக் கல்வி வழியாகப் பட்டத்தைத் தொடரலாம். வேலை வந்த பிறகு எடுக்க வேண்டிய முடிவுகள் இவை. வேலை வரும் என்று ஒருவர் சொன்னதற்காக எடுக்க வேண்டியவை அல்ல.

இதே நிலையத்தில் மாதம் ஒரு முறை, விரும்பும் பெற்றோர் பயிற்சியாளர்களைச் சந்தித்துப் பேசலாம். கட்டணம் கிடையாது. இதை விளம்பரத்தில் எங்கும் போடவில்லை. ஆனால் அங்கே கிடைக்கும் சேவைகளில் மிகச் சிறந்தது இதுதான். நானும் அக்காளும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போய்க் கூத்து வாத்தியாரைச் சந்தித்தோம். அலுவலகத்தில் சொன்னதற்கு நேர் எதிரான ஒன்றை, அதே கட்டடத்தில் உட்கார்ந்து, யாருக்கும் அஞ்சாமல் சொன்னார். பத்தாவதோடு பள்ளியை விட்டுக் கூத்துக்குப் போனவர் அவர். பங்குனியிலிருந்து ஆடி வரை ஓயாத ஆட்டம். அதற்குப் பிறகு மழைக்காலத்தில் வருமானம் இல்லை. “ஆடுற மாசம் இருக்குது, ஆடாத மாசம் இருக்குது. ஆடாத மாசத்துக்கு இன்னா வெச்சிருக்கேன்னு கேட்டுக்கம்மா. எனக்கு அதை யாரும் கேட்கச் சொல்லித் தரலை” என்றார் அவளிடம். பிறகு அக்காளைப் பார்த்து, “பொண்ணை நிறுத்திடாதீங்க. இவளுக்கு வரும்” என்றார். அக்காள் அதுவரை நிமிர்ந்து பார்க்காதவள், அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

சினிமாவிலும் இதே கணக்குதான். ஒரு படத்தில் சில நாள் கால்ஷீட்டுக்கு அழைப்பு வரும். அடுத்த அழைப்பு எப்போது என்பது யாருக்கும் தெரியாது. அந்த இடைவெளியில் சாலிகிராமத்திலோ வடபழனியிலோ அறை வாடகை கொடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் ஒரு கணக்கர் வேலையோ, அலுவலக வேலையோ தேடிக்கொள்ளப் பட்டம் உதவும். விஜய் சேதுபதி பி.காம். படித்தவர், துபாயில் கணக்குத் துறையில் வேலை பார்த்தவர், கூத்துப்பட்டறைக்குள் கணக்கராகவும் நுழைந்தவர் என்பது ஊரறிந்த செய்தி. அவள் படிக்கும் அதே பாடம்தான் அவரை ஒரு நாடகக் குழுவின் உள்ளே கொண்டுபோய் விட்டது. அவருக்கும் முன்னால் நீண்ட வரிசை இருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கி நாடகங்களை எழுதி நடித்துக்கொண்டே சட்டம் பயின்று வழக்கறிஞராகி நீதிபதியாகவும் இருந்தார். கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் (ஏ.ஜி.) அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு நாடகம் போட்டவர். நாகேஷ் ரயில்வே ஊழியர். பகலில் அலுவலகம், மாலையில் ஒத்திகை, வார இறுதியில் மேடை என்று வாழ்ந்தவர்களால்தான் தமிழ் நாடக மேடையின் ஒரு பெரும் பகுதி நடந்தது. அவர்களில் யாரையும் அரைமனத்தோடு கலைக்கு வந்தவர்கள் என்று சொல்ல முடியாது. சனி, ஞாயிறு மட்டும் படிக்கிறவர்களைச் சற்றுக் குறைவாகப் பார்க்கும் வழக்கம் அந்த நிலையத்தின் அலுவலகத்தில் இருக்கிறது. அது மாற வேண்டும்.

காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னா டி புரூயினும் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்து (தெருக்கூத்தின் மற்றொரு பெயர்) குருகுலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பள்ளிக் கல்வியையும் கூத்துப் பயிற்சியையும் ஒரே வளாகத்தில் பிள்ளைகளுக்குச் சேர்த்துக் கொடுத்த இடம் அது. ஆண்களே ஆடி வந்த அந்தக் கலையில் பெண் பிள்ளைகளும் அங்கே பயின்று மேடையேறினார்கள். படிப்பா, ஆட்டமா என்று ஒரு குழந்தையை நிறுத்திக் கேட்பதே தவறான கேள்வி என்று நினைத்தவர்கள் நம் வட்டாரத்திலேயே இருந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட நிலையங்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

எங்கள் பெண் முழுநேரப் படிப்பில் சேரவில்லை. முடிவு அவளுடையது, நாங்கள் தகவல்களைத்தான் கொடுத்தோம். ஆனால் அதற்குள், எங்களிடம் சொல்லாமல், போட்டோ ஆல்பத்துக்கு முன்பணமாக 5,000 ரூபாயைத் தன் சேமிப்பிலிருந்து கட்டியிருந்தாள். அதைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். ஆல்பமும் எடுக்கவில்லை. பலமுறை கேட்ட பிறகு இரண்டு மாத வகுப்புக் கட்டணத்தில் கழித்துக்கொண்டார்கள். பதினெட்டு வயது நிரம்பியவர்தானே என்று அவர்கள் சொல்லலாம்; சட்டப்படி சரியாகவும் இருக்கலாம். வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு மாணவியிடம் முன்பணம் வாங்கும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு அந்த ஆல்பமே தேவையில்லை என்பதைக் கேமரா வகுப்பு நடத்துபவரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஒப்பனை இல்லாமல், நல்ல வெளிச்சத்தில் எடுத்த சில படங்களும் ஒரு செல்ஃப் டேப்பும் போதும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது ஆடிஷன் அறிவிப்புகள் வரும். அவற்றில் சில, பதிவுக் கட்டணம் கேட்பவை; சில, எந்த நிறுவனம் என்ற விவரமே இல்லாமல் சென்னையில் ஒரு முகவரிக்கு மாலை நேரத்தில் வரச் சொல்பவை. நிலையம் இவற்றைச் சரிபார்க்காமல் அப்படியே பகிர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து எழுத்தில் கேட்ட பிறகு, இப்போது நிறுவனத்தின் பெயர், அலுவலக முகவரி, தொடர்புகொள்ள வேண்டியவர் விவரம் இருந்தால் மட்டுமே பகிர்கிறார்கள். வாய்ப்புக் கொடுப்பவர் பணம் கேட்க மாட்டார் என்பதைக் கூத்து வாத்தியார் ஒரு ஞாயிறு முழு வகுப்பையும் உட்கார வைத்துச் சொன்னார். துணையில்லாமல் பெண் பிள்ளைகள் ஆடிஷனுக்குப் போக வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். இதற்காக நிலையத்துக்கும் அவருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இப்போது அவள் ஐந்தாம் செமஸ்டரில் இருக்கிறாள். கல்லூரி விழாவில் அவள் எழுதி நடித்த ஒரு சிறு நாடகத்தை அவளுடைய வணிகவியல் பேராசிரியைகளே முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். தேசிய நாடகப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது இத்தகைய மேடை அனுபவங்கள் கணக்கில் வரும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் அழைப்பிதழையும் படங்களையும் சான்றையும் ஒரு கோப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாமா அந்த நாடகத்துக்கு வந்திருந்தார். ஊருக்குத் திரும்பும்போது அவளிடம், “அடுத்த தடவை முன்னாடியே சொல்லு, லீவு போடணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சேர்க்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். முதல் ஞாயிறு வகுப்பைக் கட்டணம் இல்லாமல் உட்கார்ந்து பார்க்க அனுமதிக்கிறார்கள். பெற்றோரும் உடன் போங்கள். கூத்து வாத்தியார் வரும் பிரிவா என்று கேட்டுச் சேருங்கள், எல்லாப் பிரிவுகளுக்கும் அவர் வருவதில்லை. மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டு என்பார்கள், மாதாமாதமே கட்டுங்கள். நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வுகள் வரும். அந்த மாதங்களுக்கு வர இயலாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், கட்டிய பணத்தை அடுத்த மாதத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். வாயால் சொன்னால் மாற்றுவதில்லை. எழுதிக் கொடுத்த தாளில் கையெழுத்து வாங்கி ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.